திங்கட்கிழமை மௌனம்

நீங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பிருந்தே நான் செங்கம் ரோட்டில் அந்த எட்டு அறை வீட்டில் வேலை பார்த்து வந்தேன். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மாதக் கணக்கில் வாடகைக்குத் தங்கும் வீடு அது. விடிவதற்குள் அடி அண்ணாமலையிலிருந்து மலையோரமாக நடந்து போய்ச் சேர்ந்துவிடுவேன். கிணற்றில் தண்ணீர் இறைத்து, குளிக்க அண்டாவில் காய வைத்து, எட்டு வாசலையும் பெருக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். மத்தியானத்துக்கு மேல் வேலை கம்மி. குரங்கு வந்தால் விரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தியானம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் எட்டாவது படித்தவன். அங்கே தங்குகிறவர்கள் பேசும் பெரிய விஷயம் எதுவும் எனக்குப் புரியாது. ஆனால் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் அறையில் ஒரு வடநாட்டுக்காரர் இருந்தார். ஒரு நாள் வாசலைப் பெருக்கும்போது அவர் கண் மூடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஈ உட்கார்ந்து, மூக்கு வரை நடந்து, திரும்பவும் கன்னத்துக்கு வந்தது. அவர் முகம் அசையவில்லை. நான் பெருக்குவதை நிறுத்திவிட்டு அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் எனக்குக் கோபம் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த எங்கள் நிலத்தை அண்ணன்மார் பிரித்த விதத்தில் எனக்கு மனசு ஆறவே இல்லை. அந்தக் கோபத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் அம்மாவிடம் கொட்டுவேன். குழம்பில் உப்பு கம்மி என்றால் கத்துவேன், ஜாஸ்தி என்றாலும் கத்துவேன். ஒரு நாள் காலியாக இருந்த அறை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வடநாட்டுக்காரரைப் போலவே உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு வருகிறது, போகிறது. எண்ணம் வருகிறது, போகிறது. எதையும் பிடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தபோது உடம்பில் யாரோ சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது. அது பொய் இல்லை. இன்றைக்கும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தேன். உட்காராத நேரத்திலும் பழக வேண்டும் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். தண்ணீர் இறைக்கும்போது கயிற்றில் கவனம். நடக்கும்போது பாதத்தில் கவனம். சாப்பிடும்போது மென்று விழுங்குவதில் கவனம். ஒரு வருஷத்தில் என் கத்தல் அடங்கியது. உங்கள் அம்மாவே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள், "இப்பெல்லாம் அவுருக்கு கோவம் கம்மியாயிடுச்சுக்கா. தட்ட தூக்கி அடிக்கிறதெல்லாம் இல்ல."

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமை மௌனத்தை ஆரம்பித்தேன். காலை எழுந்ததிலிருந்து சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது அவசியம் என்றால் சிலேட்டில் எழுதுவேன்.

எங்கள் முதலாளிக்கு முதலில் எரிச்சல். பிறகு கிண்டலாக மாறியது. "திங்கக்கிழமைன்னா கொரங்குக்குக்கூட தெரிஞ்சு போச்சுப்பா. இவன் கத்த மாட்டான்னு அன்னைக்குப் பாத்து வந்து சோப்ப தூக்கினு போவுது" என்பார். ஆனால் தங்கியிருந்தவர்கள் கிண்டல் செய்யவில்லை. துடைப்பத்தோடு நான் எதிரே வந்தால் கும்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பும் முன் என் காலைத் தொட்டாள். வேண்டாம் என்று சைகை காட்டினேன். காலை மட்டும் பின்னால் இழுக்கவில்லை.

எங்கள் தெருவிலும் அது பரவியது. குழந்தை ராத்திரியில் வீரிட்டு அழுகிறது என்று ஒருத்தி தூக்கிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை என்பதால் பேசாமல் விபூதி எடுத்துப் பூசி அனுப்பினேன். அந்தக் குழந்தை அன்று தூங்கிவிட்டதாம். அப்புறம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மசியவில்லை. என் காதில் விழும்படியே உங்கள் அம்மாவிடம் கேட்டாள், "உங்க வூட்டுக்காரு திங்கக்கிழம சாமி. செவ்வாக்கிழம இன்னா, மனுசனா?"

"செவ்வாக்கிழம துணி தொவச்சா அவுரு வேட்டியும்தான் அழுக்கா இருக்குதுக்கா" என்றாள் உங்கள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மௌனத்தில் சிரிக்கலாமா என்று தெரியாததால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தம்பி, உனக்கு அப்போது நாலு வயது. வெல்லத்தை யார் எடுத்தது என்று அம்மா கேட்டால் வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாய். "இன்னாடா?" என்று அதட்டினால் விரலை எடுத்துவிட்டு, "நான் மௌனம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வைத்துக்கொள்வாய்.

உங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சிலேட்டில் எழுதினால் பெரியவளே, நீதான் படித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். அது உன் பழைய சிலேட்டு. எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல நின்றுகொண்டு படிப்பாய். நான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். தினமும் இரண்டு வேளை கண்ணை மூடி உட்கார நேரம் இருந்தவனுக்கு அதற்கு மட்டும் நேரம் இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைகளில்தான் உங்கள் அம்மா என்னிடம் ஜாஸ்தி பேசுவாள். மற்ற நாளில் நான் பாதியில் குறுக்கே புகுந்துவிடுவேன். திங்கட்கிழமை குறுக்கே புக முடியாதே. அவள் பிறந்த வீட்டுக் கவலை, மாடு சினை பிடிக்காதது, என் மேல் உள்ள வருத்தம் எல்லாவற்றையும் மல்லாட்டை உரித்துக்கொண்டே சொல்லுவாள். விதைக்கு உரிக்கும் வேர்க்கடலை அது. பருப்பு இரண்டாக உடையக் கூடாது, தோல் கிழியக் கூடாது. விரல் அழுத்தத்திலேயே ஓடு பிளக்கும்படி உரிப்பாள். நான் எதிரே கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பேன். கேட்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்குக் காதில் விழும். விழுந்ததை வந்த வழியே போக விடுவேன். அப்படித்தான் பழகியிருந்தேன்.

அன்றும் திங்கட்கிழமை. கார்த்திகை தீபத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, விளக்கு வைப்பதற்கு முன் உட்காரலாம் என்று பலகையைப் போட்டேன். உங்கள் அம்மா உன்னையும் தம்பியையும் வெளியே போய் விளையாடச் சொன்னாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். என் எதிரே வந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னாங்க, இங்க ஒரு கட்டி மாதிரி இருக்குது. நெஞ்சுல. எடது பக்கம். வலியில்ல. ஆனா கெட்டியா இருக்குது, மல்லாட்ட கணக்கா. குளிக்கச்சொல்ல கையில தட்டுப்பட்டுது. யாருகிட்டயும் சொல்லல. எனக்கு பயமா இருக்குது."

அவள் அதை ஏன் திங்கட்கிழமை பார்த்துச் சொன்னாள் என்று பிறகு எனக்குப் புரிந்தது. கூச்சம். பதில் பேசாத ஆளிடம் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சிலேட்டை எடுத்தேன். உட்காரும் நேரம் தள்ளிப்போகிறது என்ற எண்ணம்தான் அப்போது எனக்குள் இருந்தது. "பயப்படாதே. ஒன்றும் ஆகாது" என்று எழுதினேன். அவளால் அதைப் படிக்க முடியாது. வாசலுக்குப் போய் உன்னைக் கூப்பிட்டாள். நீ மண் கையோடு ஓடி வந்து, எதற்காக என்று தெரியாமல், நின்று படித்தாய். "பயப்படாதே. ஒன்றும், ஆகாது." படித்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாய். அவள் உன் தலையைத் தடவி, "சரி, போ வெளையாடு" என்றாள்.

நான் கண்ணை மூடினேன். கட்டி என்ற சொல் வந்தது. பார்த்தேன். போனது. மறுபடியும் வந்தது, மறுபடியும் பார்த்தேன், போனது. இத்தனை பெரிய சொல்கூட என்னை அசைக்கவில்லையே என்று எனக்கு ஒரு நிறைவு இருந்தது. ஈ நடந்தும் அசையாத முகம் எனக்கும் வாய்த்துவிட்டதாக நினைத்தேன்.

விளக்கு வைத்ததும் மௌனம் முடிந்துவிடும். அன்று விளக்கு வைத்ததும் நான் முதலில் பேசியது, "சோறு போடு." அவள் போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். எப்போதும் அடுப்படியில் ஏதாவது செய்துகொண்டே இருப்பவள் அன்று ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஒவ்வொரு கவளமாக மென்று, ருசியைக் கவனித்து, விழுங்குவதைக் கவனித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும் வரை இருந்துவிட்டு தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு தீபத்துக் கூட்டம். எட்டு அறையிலும் ஆள், வராந்தாவிலும் ஆள். பிறகு மார்கழி, பொங்கல். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மாசி மாதம் ஒரு காலை. கொடியில் அவள் ஜாக்கெட் காய்ந்துகொண்டிருந்தது. துவைத்தும் போகாத ஒரு கறை, இடது பக்கம். பழுப்பாக இருந்தது. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்து வலது கையாலேயே கலக்கினாள்.

"இது இன்னா கறை?" என்று கேட்டேன்.

"அதான் அந்தக் கட்டி. ஒடஞ்சிக்கிச்சு போல."

"எப்பலேர்ந்து இருக்குது?"

"தீபத்துக்கு முன்னாடியே சொன்னேனே உங்ககிட்ட."

"அப்பால ஏன் சொல்லல?"

அவள் கையைத் தவிட்டிலிருந்து எடுத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"நீங்கதான் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதுனீங்களே. அன்னைக்கு மௌனத்துல வேற இருந்தீங்க. தெரியாமலா எழுதுவாருன்னு இருந்துட்டேன். அந்தப் புள்ளைக்கு விபூதி வெச்சீங்க, தூங்கிடுச்சு. எனக்கும் செரியாப் பூடும்னு இருந்தேன்."

வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒரு பெண் தன் புருஷன் சொன்னதை இப்படி எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். இந்த ஊரில் பேசாத சாமியார்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் அவள். பேசாத ஆள் ஒரு வார்த்தை எழுதினால் அது வாக்கு. நான் அவசரத்தில் எழுதியதை அவள் வாக்காக எடுத்து மூன்று மாதம் நெஞ்சில் வைத்திருந்தாள். அந்தக் கட்டியோடு சேர்த்து.

மறுநாளே வேலூர் பஸ் ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா பார்த்தார். எத்தனை மாதமாக இருக்கிறது என்று கேட்டார். உங்கள் அம்மா சொல்லும் முன் நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "அப்பவே கூட்டினு வந்திருந்தா" என்று ஆரம்பித்து, உங்கள் அம்மா அங்கே இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆபரேஷன் செய்தார்கள். கதிர் சிகிச்சை என்று கரண்டு வைத்தார்கள். ஆடி மாதம் திரும்பவும் வந்துவிட்டது, இந்த முறை முதுகெலும்பில்.

அதன் பிறகு நான் உட்காரவில்லை. முதலாளியிடம் சொல்லி அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டேன். பெரியவளே, உனக்கு இரட்டைச் சடை போடக் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். உங்கள் அம்மா படுத்தபடியே சொல்லுவாள், "எடது பக்கம் எறக்கமா இருக்குது பாருங்க." அவிழ்த்து மறுபடி போடுவேன்.

அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு தூக்கினால் வலிக்கும் என்று அவள் வாய் விட்டுச் சொல்ல மாட்டாள். புருவத்தைப் பார்க்க வேண்டும். புருவம் லேசாகக் கூடினால் கையை நிறுத்திவிட வேண்டும். கஞ்சி ஊட்டும்போது தொண்டையைப் பார்க்க வேண்டும். முந்தின வாய் இறங்கிய பிறகுதான் அடுத்தது. இத்தனை வருஷம் கயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பழகிய கவனம் இதற்கு உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதை முதலில் இங்கே வைத்திருக்க வேண்டும். இதே வீட்டில், இதே முகத்தில், இடம் தயாராகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவளுக்குத் துணி மாற்றிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள், "இன்னைக்கு திங்கக்கிழம ஆச்சே, பேசுறீங்க?"

"வுட்டுட்டேன்."

"எனக்காவா? வேணாங்க. நல்லாத்தான் இருந்துது அது. வாரத்துல ஒரு நாள் திட்டு இல்லாம."

"உனக்கு நல்லா இருந்துதா?"

"சில நாளு. சில நாளு ஒரு வார்த்த கேட்டா தேவலாம்னு இருக்கும்."

நான் அழுதேன். அவள் எழுந்து உட்காரவும் முடியாமல், என் கையையும் எட்ட முடியாமல், "இன்னாத்துக்கு இப்ப, புள்ளைங்க வர்ற நேரம்" என்றாள்.

ஐப்பசியில், மழை பெய்த ஒரு மத்தியானம் போய்விட்டாள். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அதற்கு முந்தின நாள்தான் என்னிடம் கேட்டாள், "உக்காந்துகினு இன்னாதான் பாப்பீங்க அப்டி?" மூச்சைப் பார்ப்பேன் என்றேன். "யாரு மூச்ச?" என்றாள். "என் மூச்சத்தான்" என்றேன். "அதுல இன்னா இருக்குது பாக்க" என்று சொல்லி, சிரிக்கப் பார்த்து, இருமல் வந்து நிறுத்திக்கொண்டாள். மறுநாள் நான் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வந்தது. அடுத்தது வர நேரமாயிற்று. அதற்கடுத்தது வரவில்லை. எத்தனையோ வருஷம் வருவதையும் போவதையும் சும்மா பார்க்கப் பழகியவன், அன்று அதைப் போக விட முடியாமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

இதெல்லாம் தம்பிக்குத் தெரியாது. பெரியவளே, உனக்கும் பாதிதான் தெரியும். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நீ பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது ஒரு நாள் கேட்டது எனக்குள் அடங்கவே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நீ தலை நிமிராமல் கேட்டாய்.

"அப்பா, அன்னைக்கு சிலேட்டுல எழுதுனத நான் சரியாத்தான் படிச்சேனா?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போன்னு எழுதியிருந்து, நான் தப்பா எதையாச்சும் படிச்சிட்டேனோன்னு. அப்பல்லாம் எனக்கு சரியா கூட்டிப் படிக்க வராது."

ஏழெட்டு வருஷமாக நீ அதைச் சுமந்திருக்கிறாய். நான் உன்னோடு ஒரே கூரைக்குக் கீழே தூங்கி எழுந்து, உனக்குச் சடை போட்டு, அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

"நீ சரியாத்தான் படிச்ச. நான் எழுதுனதுதான் தப்பு" என்றேன். பிறகு அந்தத் திங்கட்கிழமை நடந்த எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். சோறு போடு என்று கேட்டதையும் சொன்னேன்.

நீ அழவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய், "அம்மா செத்ததுக்கு நான் காரணம்னு பாதி நாள் நெனப்பேன். நீங்க காரணம்னு பாதி நாள் நெனப்பேன். இனிமே உங்களத்தான் நெனைக்கணும்."

"நெனச்சுக்கோ" என்றேன்.

அன்று நீ ஒரு மணி நேரம் பேசினாய். கேட்கக் கேட்க உள்ளே பதில்கள் எழுந்தன. எனக்கு அப்போது வயசு கம்மி, முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை, அவளும் மறுபடி ஒரு முறை சொல்லியிருக்கலாம், இப்படி. ஒன்றையும் வெளியே விடவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது. நீ சொன்னதில் ஒன்றுகூட வந்த வழியே போகவில்லை. இன்னும் எல்லாம் இருக்கிறது.

இப்போது நான் செய்யும் தியானம் என்று ஏதாவது உண்டென்றால் அது இவ்வளவுதான். காலையில் எழுந்ததும் அன்றைக்கு யார் என்னிடம் பேச வருகிறார்களோ அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். பாதி நாள் மறந்துவிடுகிறேன். மறந்தது தெரிந்ததும் திரும்ப வருகிறேன்.

பெரியவளே, அப்பாவுக்கு வயசாகிவிட்டதே என்று இரக்கப்பட்டு என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லாதே. அது வராவிட்டால் வர வேண்டாம். உன் குழந்தைகளிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல். அன்றைக்குக் கீரை ஆய்ந்தபோது சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால், வந்து அதையும் சொல்லிவிட்டுப் போ. நான் வீட்டில்தான் இருக்கிறேன்.